இரவு முழுக்கக் காட்டொலி பதிவு செய்ய என்ன கருவி வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் போகிறவர்கள், விலங்கியல் படிக்கும் மாணவர்கள், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் இரவு ஒலிப்பதிவைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்; அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியின் ஏரி குளங்களையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்புக் காடுகளையும் மனத்தில் கொண்டு எழுதியது இது. குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காகச் சொல்லும் யோசனைகள், நம் ஊர் ஈரத்துக்கும் எறும்புக்கும் பல நேரங்களில் ஒத்துவருவதில்லை.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்குவதற்கு முன், எந்த ஒலி வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். பின்னால் கண்ணை மூடிக் கேட்டு ரசிக்க ஓர் இரவின் ஒலி வேண்டுமா? இந்த ஓடைக்கரையில் என்னென்ன தவளைகள், ஆந்தைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அல்லது மனிதக் காதுக்கு எட்டாத வௌவால் ஒலி வேண்டுமா? இந்த மூன்றுக்கும் கருவிகள் வேறு வேறு. மூன்றையும் ஒரே கருவியில் எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் மூன்றிலும் அரைகுறையான பதிவோடு திரும்புகிறார்கள்.

கடையில் எல்லோர் கண்ணும் ரெக்கார்டரின் மேல்தான் விழுகிறது. என் கருத்தில் அது வரிசையில் கடைசி. மைக் எவ்வளவு அமைதியானது, அதைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் எப்படிக் காக்கப் போகிறீர்கள், விடியும் வரை மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற மூன்றும்தான் ஓர் இரவுப் பதிவின் தலையெழுத்தை எழுதுகின்றன. கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் மைக்குக்கும் அதன் உறைக்கும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் கிடைக்கும் ரெக்கார்டரே போதும்.

கைபேசி போதாதா?

நடந்து போகும்போது ஒரு குரல் கேட்டது, அது எந்தப் பறவை என்று பிறகு தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கைபேசி தாராளமாகப் போதும். இரவு முழுக்க வெளியே வைத்துப் பதிவதற்கு அது சரிப்படாது. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்கும் வகையில்தான் பெரும்பாலான கைபேசிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் தேடிப் போன சுவர்க்கோழியின் ஒலியையே அது அழித்துவிடும்.

மைக்கின் ‘சுய இரைச்சல்’ என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

முழு அமைதியிலும் எந்த மைக்கும் தன் பங்குக்கு ‘ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய ஒலியை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அதன் அளவைத்தான் டெசிபலில் சுய இரைச்சல் என்று தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். எண் குறையக் குறைய மைக் அமைதியானது. ஸ்டுடியோக்களில் பயன்படும் ரோட் என்டி1 ஏறக்குறைய 4 டெசிபல். காட்டொலி பதிவாளர்கள் போற்றும் சென்ஹைசர் எம்கேஎச் 8020 ஏறக்குறைய 10. பிரைமோ நிறுவனத்தின் இஎம்272 என்ற சிறு மைக் வில்லையின் (மைக்கில் ஒலியை உணரும் உள்பாகம்) சுய இரைச்சல் 14. கையடக்க ரெக்கார்டர்களிலேயே பொருத்தப்பட்டு வரும் மைக்குகள் பெரும்பாலும் இவற்றைவிட இரைச்சல் கூடியவை.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடாமல், நீங்கள் பதியப் போகும் இரவை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி மழையில் குளக்கரையில் நூறு தவளைகள் கத்தும்போது மைக்கின் இரைச்சல் எங்கே கேட்கப் போகிறது? அங்கே 14 என்ன, 20 டெசிபல் மைக்கும் போதும். ஆனால் பங்குனியில், இலை உதிர்ந்த காட்டில், பூச்சிகளும் ஓய்ந்த இரண்டு மணிக்கு, எதிர்ச் சரிவில் ஒரு கொம்பன் ஆந்தை குரல் கொடுக்கும்போது ஒவ்வொரு டெசிபலும் கணக்கில் வரும். உங்கள் மைக்கின் இரைச்சலுக்கு அடியில் புதைந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

அப்படியானால் 4 டெசிபல் உள்ள என்டி1 மைக்கையே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். உலர்ந்த பருவத்தில் அது அருமையான மைக். ஆனால் இத்தகைய ஸ்டுடியோ கண்டென்சர் மைக்கில், மெல்லிய சவ்வுக்கும் அதன் பின் தகட்டுக்கும் இடையே உயர் மின்னழுத்தம் நிற்கிறது. ஈரக்காற்று உள்ளே புகுந்து பனி படியும்போது அந்த மின்னூட்டம் கசியும். ‘படபட’ என்று அப்பளம் நொறுங்குவதுபோன்ற ஒலி பதிவில் வந்து விழும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல், ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் இது தொடங்கும். எம்கேஎச் வரிசை மைக்குகள் வேறு வழியில் வேலை செய்கின்றன: அவற்றின் வில்லையில் குறைந்த மின்னழுத்தத்தில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஓடுகிறது, அதனால் ஈரம் அவற்றை எளிதில் அசைப்பதில்லை. விலை மிக அதிகம் என்பதுதான் ஒரே தடை.

வாங்க முடியாதவர்களுக்கு என் பரிந்துரை இஎம்272 வில்லை பொருத்திய சிறு மைக் ஜோடி. எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும், சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், கிளையில் கட்டித் தொங்கவிடலாம், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஒன்று கெட்டுப்போனாலும் புதியது வாங்குவது கைக்கு எட்டும் செலவு. காட்டில் ஓர் இரவு விட்டுவிட்டு வரும் பொருளுக்கு இந்தக் கடைசித் தகுதி மிகவும் முக்கியம்.

ரெக்கார்டரில் என்ன பார்க்க வேண்டும்?

மைக்கின் மெல்லிய மின்குறிப்பை இரைச்சல் சேர்க்காமல் பெருக்கித் தரும் உள்பகுதி நன்றாக இருக்க வேண்டும். இன்று கைக்கு எட்டும் விலையில் ஜூம் எஃப்3 இதில் சிறந்து நிற்கிறது. உள்ளங்கையில் அடங்கும், இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் இணைப்புகள் உண்டு, 48 வோல்ட் மின்சாரத்தையும் மைக்குக்குத் தரும். இஎம்272 மைக்கை அதில் இணைக்க, 48 வோல்ட்டை 3 முதல் 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சிறு இணைப்பான் ஒன்று தேவைப்படும். செலவு இன்னும் குறைய வேண்டுமென்றால், பழைய சோனி பிசிஎம்-எம்10 இரண்டாம் கையாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், இரண்டே ஏஏ பேட்டரியில் ஒரு நாளைக்கு மேல் ஓடும் கருவி அது. சிறு மைக்குகளுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதுவே தரும்.

‘32 பிட் ஃப்ளோட்’ இருந்தால் ஒலி அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்களே?

பாதி உண்மை. மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே பதிவில் அடக்கும் சேமிப்பு முறை இது. மாலை ஆறு மணிக்கு நீங்கள் கெயின் அளவை, அதாவது ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை, வைத்துவிட்டு வருகிறீர்கள். இரவு பதினொன்றுக்கு மைக்குக்கு இரண்டடி தூரத்தில் ஒரு மரத்தவளை வந்து உட்கார்ந்து கத்துகிறது. சாதாரணக் கருவியில் அந்த ஒலியின் உச்சி நறுக்கப்பட்டுச் சிதைந்துவிடும். 32 பிட் ஃப்ளோட்டில் பிறகு அளவைக் குறைத்து அதை முழுதாக எடுத்துவிடலாம். ஆளில்லாமல் ஓடும் பதிவுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் மைக்கின் சுய இரைச்சலை இது ஒரு துளியும் குறைக்காது. மைக்கே தாங்க முடியாத அளவுக்கு ஒலி வந்தால் அதையும் காப்பாற்றாது. இந்த வசதி இல்லாத 24 பிட் கருவி வைத்திருப்பவர்கள் அதற்காகப் புதியது வாங்க வேண்டியதில்லை. இரவின் மிக உரத்த ஒலி வந்தாலும் உச்ச அளவுக்குக் கீழே 12 டெசிபலாவது மிச்சம் இருக்கும்படி வைத்துவிட்டால் நல்ல பதிவே கிடைக்கும். தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், அமைதி நேரத்தில் இரைச்சல் ஏறும், ஒரு ஆட்காட்டி கத்தினால் பின்னணி முழுதும் அமுங்கும். கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

ஆடியோமாத், சாங் மீட்டர் போன்ற தானியங்கிக் கருவிகள் எப்படி?

‘இங்கே என்னென்ன இருக்கின்றன’ என்ற கேள்விக்கு இவைதான் சரியான விடை. ஆடியோமாத் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு மின்பலகை. மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான். மாலை ஆறு முதல் காலை ஏழு வரை, ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் ஒரு நிமிடம் பதிவு செய் என்று கணினியில் சொல்லிவைத்தால் நாள்கணக்கில் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 8 முதல் 384 கிலோஹெர்ட்ஸ் வரை மாதிரி வீதத்தை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்பதை) தேர்ந்தெடுக்கலாம். ஆனைமலையில், வால்பாறைப் பகுதியில், மீட்டு வளர்க்கப்பட்ட காட்டுத் துண்டுகளில் எவ்வளவு உயிர்கள் திரும்பியிருக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் இத்தகைய கருவிகளைக் கொண்டே கேட்டறிந்தார்கள்.

வெறும் பலகையாக வாங்கினால் நீர்புகாப் பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அமெரிக்காவில் தயாராகும் சாங் மீட்டர் கருவிகள் பெட்டியோடு, மழைக்குத் தயாராக வருகின்றன. சிறிய வகைகளைக் கைபேசியிலிருந்தே அமைக்கலாம். விலை பல மடங்கு. ஒரு குழுவாகப் பத்து இடங்களில் வைக்க வேண்டும் என்றால் ஆடியோமாத். ஒரே இடத்தில், மழைக்காலம் முழுதும், போய்ப் பார்க்கவே முடியாது என்றால் சாங் மீட்டர். கேட்டு ரசிக்கும் பதிவுக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் மைக்குகள் அடையாளம் காணத்தான் போதுமானவை.

மாதிரி வீதம் எவ்வளவு வைப்பது?

நீங்கள் பதிய விரும்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி கிடைக்கும். ஆந்தை, பக்கி என்னும் இரவுப் பறவை, தவளை, நரி, மான் எல்லாம் இதற்குள் அடங்கும். பூச்சிகளில் சில இதையும் தாண்டும். பூச்சி தின்னும் வௌவால்களுக்கு இது போதவே போதாது. நம் ஊர்ப் பாழடைந்த மண்டபங்களிலும் கோயில் இருட்டுகளிலும் தொங்கும் இலைமூக்கு வௌவால்களில் சில 130 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புகின்றன. அவற்றுக்கு 384 கிலோஹெர்ட்ஸும், அந்த அதிர்வெண்ணை உணரும் மைக்கும் இருந்தாக வேண்டும். அவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் சில பத்து மீட்டருக்குள் கரைந்துவிடுவதால், வௌவால் பறக்கும் வழியிலேயே கருவியை வைக்க வேண்டும்.

மறுமுனையில் யானை இருக்கிறது. ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த உறுமலால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பதை 1980களில் ஆய்வாளர் கேட்டி பெய்ன் குழுவினர் வெளிப்படுத்தினார்கள். அதன் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது. அந்த ஒலி வேண்டுமென்றால் தாழ்அதிர்வெண்ணை வெட்டும் வடிப்பானை அணைத்து வைக்க வேண்டும்; மைக்கும் அவ்வளவு கீழே இறங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஓர் இரவுக்கு எவ்வளவு ஜிபி ஆகும்?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்கு 1.04 ஜிபி. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பன்னிரண்டரை ஜிபி என்று வையுங்கள். 32 பிட் ஃப்ளோட்டில் அதே இரவு 16.6 ஜிபி. வௌவாலுக்காக 384 கிலோஹெர்ட்ஸில், 16 பிட், ஒற்றை மைக் என்றால் 33 ஜிபி. கார்டின் அளவைவிட அதன் தரத்தில் கவனமாக இருங்கள். அறியாத கடையில் மலிவாகக் கிடைத்த 128 ஜிபி கார்டு உண்மையில் அந்த அளவு கொண்டதுதானா என்பதை வீட்டிலேயே முழுதும் நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாததால் கருவியே கோப்பைப் பிரித்துக்கொள்ளும். பிரியும் இடத்தில் ஒலி துண்டாகிறதா என்பதையும் ஒருமுறை சோதியுங்கள். எம்பி3 வேண்டாம். இடம் போதவில்லை என்றால் பிறகு ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எதுவும் இழக்காமல் அளவு கணிசமாகக் குறையும்.

விடியும் வரை மின்சாரம்?

மைக்குக்கு 48 வோல்ட் தரும் ரெக்கார்டர் ஏஏ பேட்டரியில் இரவு முழுக்கத் தாங்காது. பவர் பேங்க்தான் வழி. இதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. பல பவர் பேங்குகள், இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், கைபேசி சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று எண்ணித் தாமாகவே அணைந்துவிடும். சிக்கனமான ரெக்கார்டர்களோடு அவை பொருந்தாது. ‘குறைந்த மின்னோட்ட முறை’ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.

சில பவர் பேங்குகள் மெல்லிய ‘ஙீ’ என்ற ஒலியைப் பதிவில் கலக்கும். ஹெட்போனில் கேட்டால் உடனே தெரிந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் உறைபனிக் காலத்தில் சாதாரண அல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும். அங்கே லித்தியம் ஏஏ பேட்டரி நல்லது.

மழையும் பனியும் என்ன செய்யும்?

கருவி கெடுவதற்கு மழையைவிடப் பனி ஈரமே அதிகக் காரணம். மழையைக் கண்டு எல்லோரும் எச்சரிக்கையாகிவிடுகிறோம். பனி சத்தமில்லாமல் இறங்குகிறது. திறந்த வெளியில் வைத்த மைக்கின் மேல் பின்னிரவில் துளிகள் கோத்து நிற்கும். அதே மைக்கை நான்கடி தள்ளி மரக்கிளைக்கு அடியில் கட்டியிருந்தால் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். ஆகவே முதல் காப்பு, வைக்கும் இடம்தான். குளிரூட்டிய அறையிலோ காரிலோ இருந்து கருவியை எடுத்து வந்தால், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்த பிறகு திறவுங்கள். உடனே திறந்தால் சவ்விலேயே நீர் படியும்.

ரெக்கார்டரை ரப்பர் வளையம் வைத்த, இறுக மூடும் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மைக் கம்பி வெளியே வரும் துளையைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் போட்டு, கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலே கொண்டு போங்கள். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் நுழையாது. துளையை மெழுகாலோ சிலிக்கோன் பசையாலோ அடைத்துவிடுங்கள். இது நீருக்காக மட்டுமல்ல, எறும்புக்காகவும்தான். சிற்றெறும்புகள் ஒரே இரவில் முட்டைகளோடு பெட்டிக்குள் குடியேறிவிடும்.

மழைக்குத் தகரமோ பிளாஸ்டிக்கோ கூரையாகப் போட்டால் ஒவ்வொரு துளியும் பறையடிப்பது போலப் பதிவாகும். கூரையின் மேல் துளியை உடைத்து உறிஞ்சும் தடித்த நார்ப் பாய் ஒன்றைப் போடுங்கள், தென்னை நார் மெத்தைத் துண்டே போதும். மழை விட்ட பிறகும் இலைச் சொட்டு மணிக்கணக்கில் தொடரும். தேக்கு மரத்தடி இதற்கு மிக மோசமான இடம். அகலமான இலையிலிருந்து அகலமான இலைக்கு விழும் ஒவ்வொரு சொட்டும் தனியாகக் கேட்கும்.

காற்று இரைச்சலுக்கு என்ன செய்வது?

மைக்கோடு வரும் பஞ்சு உறை வெளியில் எதற்கும் உதவாது. அதன் மேல் நீண்ட ரோமம் கொண்ட உறை வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் அந்த உறையும் தோற்றுப்போகும். அங்கே மைக்கைச் சுற்றி வெற்றிடைவெளி விட்டுக் கூண்டு அமைத்து, கூண்டின் மேல் ரோம உறை போர்த்த வேண்டும். நனைந்த ரோமம் ஒட்டிக்கொண்டு உயர்ந்த ஒலிகளை விழுங்கிவிடும் என்பதால் மழைக்காலத்தில் மாற்று உறை ஒன்று கையில் இருக்கட்டும். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அதை வீட்டுக்கு வந்து மென்பொருளில் வெட்டிக்கொள்ளலாம்.

கருவியை எங்கே வைப்பது?

இதில்தான் அனுபவம் பேசும். இடம் சரியாக அமைந்தால் சாதாரண மைக்கும் சிறந்து விளங்கும். புதியவர்கள் ஓடைக்கரை அழகாக இருக்கிறது என்று அங்கேயே வைத்துவிடுகிறார்கள். காலையில் பன்னிரண்டு மணி நேரத் தண்ணீர் இரைச்சல் கிடைக்கிறது. தண்ணீர் இரைச்சல் எல்லா அதிர்வெண்ணையும் மூடிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் நடனத் தவளைகள் குரலோடு நிறுத்தாமல் பின்காலை நீட்டி அசைத்துச் சைகை காட்டுகின்றன. அந்த இரைச்சலில் அவற்றுக்கே குரல் மட்டும் போதவில்லை. ஓடையிலிருந்து குறைந்தது முப்பது மீட்டர் விலகி, நடுவே ஒரு மேடோ பாறையோ மறைக்கும்படி வையுங்கள்.

தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் நல்லது. உரசும் இலை, கிளை எல்லாவற்றையும் விலக்கிக் கட்டுங்கள். மூங்கில் புதர் பக்கமே வேண்டாம், சிறு காற்றுக்கும் அது முனகும். ஸ்டீரியோ வேண்டுமென்றால் நடுத்தரப் பருமன் கொண்ட ஒரு மரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு மைக்காகக் கட்டுங்கள். அடிமரம் நடுவில் நின்று மறைப்பதால் இடது வலது துல்லியமாகப் பிரியும், ஹெட்போனில் கேட்டால் காடு நம்மைச் சுற்றி விரியும். இதற்கு எந்தக் கருவியும் கூடுதலாக வாங்க வேண்டியதில்லை.

தோட்டங்களின் சூரிய மின்வேலியை மறந்துவிடாதீர்கள். அதில் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை மின்துடிப்பு ஓடுகிறது. நீண்ட மைக் கம்பி வேலிக்கு அருகே கிடந்தால், இரவு முழுக்க ‘டிக்… டிக்…’ என்று அது பதிவில் ஏறும். நின்று கேட்கும்போது காதுக்கு எதுவும் தெரியாது, ஹெட்போனில்தான் தெரியும். கம்பியைக் குட்டையாக வையுங்கள், வேலியை விட்டு விலகுங்கள். கைபேசியையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு வராதீர்கள்.

தட்டு வடிவ ஒலிக்குவிப்பான் வாங்கலாமா?

ஆளில்லாத இரவுப் பதிவுக்கு வேண்டாம். அது ஒரே திசையைத்தான் பார்க்கும். பறவை எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதோடு, அறுபது சென்டிமீட்டர் தட்டு, தன்னைவிட நீண்ட அலையைக் குவிக்காது. 300, 400 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பெரிய ஆந்தைகளின் குரலுக்கு அலைநீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். தட்டு அங்கே சும்மாதான் நிற்கும்.

குரங்கு, யானை, திருட்டு?

நாட்டுக்குரங்குகள் விடிந்ததும் வந்துவிடும், ஆகவே விடிந்தவுடன் எடுத்துவிடுங்கள், அல்லது பளபளப்பு இல்லாத பழுப்பு நிறத்தில் பெட்டியை மறையுங்கள். எலியும் அணிலும் முள்ளம்பன்றியும் கம்பியைக் கடிக்கும். சாப்பிட்ட கையில் ஒட்டிய உப்போடு கம்பியைத் தொடாதீர்கள், அதுவே அவற்றை இழுக்கும். யானை நடக்கும் தடத்தில் எதையும் கட்டக் கூடாது. பெட்டிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இருட்டில் கார்டு மாற்றப் போகும் உங்கள் உயிருக்காகச் சொல்கிறேன். மாலை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் எடுங்கள். நடுவில் போக வேண்டாம்.

மனிதர்களைப் பொறுத்தவரை, ஊர்க்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுவதே சிறந்த பூட்டு. வழியே போகிறவர்களின் பேச்சும் பதிவாகும் என்பதால் அது மரியாதையும்கூட. அப்படிப் பதிவான பேச்சை அழித்துவிடுங்கள்.

அனுமதி வேண்டுமா?

சொந்தத் தோட்டம், ஊர்க்குளம் என்றால் உரியவரின் சம்மதம் போதும். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நுழையவே முடியாது. ஆய்வுக்கான அனுமதியை மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் தருகிறார். சுற்றுலா அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு உள்ளே கருவியைக் கட்டிவிட்டு வருவது குற்றம். பதிந்த குரலை அதே இடத்தில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் செய்யாதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரை தேட வேண்டிய நேரத்தையும் குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய நேரத்தையும் அது வீணாக்கும்.

எந்தப் பருவம் நல்லது?

சமவெளியில் கோடை வறட்சிக்குப் பிறகு வரும் முதல் பெருமழை இரவை விடாதீர்கள். மண்ணுக்குள் கிடந்த தவளைகள் அத்தனையும் ஒரே இரவில் குளத்தில் கூடும். 2017இல் அறிவியலுக்கு அறிமுகமான பூபதி ஊதாத் தவளை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில் வாழ்கிறது. மண்ணுக்கடியிலிருந்தே குரல் கொடுக்கும் இனம் அது. மாசி, பங்குனியில் ஆந்தைகளும் பக்கிகளும் கண்கிலேடி என்னும் இரவுப் பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக் குருவியை விடியலிலும் அந்தியிலும் பிடிக்கலாம், ஆகவே பதிவை ஆறு மணிக்கு நிறுத்தாமல் ஏழு வரை விடுங்கள். ஊருக்கு அருகே மார்கழியில் விடியற்பதிவு எடுப்பது கடினம். நான்கு, நான்கரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும்.

பன்னிரண்டு மணி நேரப் பதிவை யார் உட்கார்ந்து கேட்பது?

கேட்பதற்கு முன் பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்தால் ஒலி படமாக விரியும். ஆந்தையின் கூப்பாடு அடியில் தடித்த கோடுகளாக, பூச்சிகள் மேலே இடைவிடாத பட்டையாக, தவளைகள் புள்ளி வரிசையாகத் தெரியும். கண் பழகிய பிறகு ஒரு மணி நேரப் பதிவைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். பேர்ட்நெட் மென்பொருள் பதிவை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, 6,000க்கும் மேற்பட்ட இனங்களோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே கேட்க வேண்டும் என்று காட்டும் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உங்கள் காதால் உறுதி செய்யுங்கள். நம் ஊர் இரவுப் பூச்சிகளை அது பறவை என்று சொல்லக்கூடும்.

கோப்பின் பெயரில் உள்ள நேரத்தையும் சரிபாருங்கள். சில கருவிகள் கிரீன்விச் நேரத்தில் எழுதும். நமக்கு நள்ளிரவு 12.30 என்பது அதில் முந்தைய நாள் இரவு 7.00 என்று இருக்கும். ஐந்தரை மணியைக் கூட்டாமல் அட்டவணை போட்டால் ஆந்தையெல்லாம் மாலையில் கூவியதாக ஆகிவிடும்.

பதிவுகளை என்ன செய்வது?

கணினியிலேயே பூட்டி வைக்காதீர்கள். 1889இல், ஜெர்மனியில், லுட்விக் கோக் என்ற சிறுவன் வீட்டில் வளர்த்த சோலைப்பாடியின் குரலை மெழுகு உருளையில் பதிந்தான். இன்று கிடைக்கும் மிகப் பழைய பறவை ஒலிப்பதிவு என்று அது கருதப்படுகிறது. நம் மலைக் காடுகளில் பாடும் அதே சோலைப்பாடிதான்! பதிந்ததோடு அதைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் நம் காலம் வரை வந்திருக்கிறது.

சீனோ-கேன்டோ என்ற இணையத் தொகுப்பு 2005 முதல் பறவை ஒலிகளைச் சேர்த்து வருகிறது. இப்போது தவளை, வௌவால், வெட்டுக்கிளி ஒலிகளையும் ஏற்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்துக்கு, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தின் பட்டியல் வழியாகவே அனுப்பலாம். இடம், நாள், நேரம், வானிலை, மைக், ரெக்கார்டர் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். இரைச்சல் நீக்கிய பிரதியை அல்லாமல் மூலக் கோப்பையே கொடுங்கள். ஆய்வுக்கு அதுதான் பயன்படும். வேட்டைக்கோ பிடித்து விற்பதற்கோ இலக்காகும் உயிரினம் என்றால் துல்லியமான இடத்தை வெளியிடாமல் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.